கையடக்கப் பேசியும் நம் குடும்பங்களும்

நாமக்கல் வட்டாரத்தில் முட்டையின் பண்ணை விலை அறிவிக்கப்பட்டதும் அதனை முதலில் அறிபவர் செய்தித்தாளைப் பிரிப்பவர் அல்லர். சட்டைப் பையில் கைப்பேசி வைத்திருப்பவரே. 1982-ஆம் ஆண்டு தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் விலை அறிவிப்பு, பண்ணையாளர், வணிகர், சில்லறைக் கடைக்காரர் ஆகிய அனைவர் கைக்கும் இன்று ஏறத்தாழ ஒரே வேளையில் வந்து சேர்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் அன்றைய வெள்ளி விலையை அதில்தான் பார்க்கிறார். இளம்பிள்ளையில் புடவை நெய்யும் குடும்பம் புதிய நிறங்களைப் படமெடுத்து வெளியூர்க் கடைக்காரருக்கு அதில்தான் அனுப்புகிறது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு வடமாநிலங்களுக்குச் சென்று மாதக் கணக்கில் தங்கிவிடுபவர், தம் குழந்தையின் முகத்தை அதில்தான் காண்கிறார்.

நாம் இங்கே கூற முற்படுவது இலட்சம் ரூபாய் விலையுள்ள கருவிகளைப் பற்றியன்று. 7,000 முதல் 10,000 ரூபாய்க்குள், பெரும்பாலும் மாதத் தவணையில் வாங்கப்பெற்று, ஓராண்டு முடியுமுன்னே ஒரு மூலையில் கண்ணாடி கீறி, முதுகு உறைக்குள் பேருந்துச் சீட்டும் ஒரு பத்து ரூபாய்த் தாளும் பதுங்கியிருக்க, நம் பங்கு மக்களின் கைகளில் புழங்கிக்கொண்டிருக்கும் மலிவான ஆண்ட்ராய்டு பேசியைப் பற்றியே எழுதுகிறோம். ஊரார் அதனை ‘டச் போன்’ என்பர். பழைய வகையைப் ‘பட்டன் போன்’ என்பர். இக்கட்டுரையிலும் அவ்விரு பெயர்களே போதும்.

கைப்பேசியால் விளைவது நன்மையா, தீமையா என்னும் பட்டிமன்றம் நம் பள்ளி ஆண்டு விழாக்களிலும் பங்குத் திருவிழா மேடைகளிலும் போதுமான அளவு நடந்து முடிந்துவிட்டது. தீர்ப்பு எதுவாயினும், மேடையை விட்டு இறங்கியவுடன் நடுவரும் தம் பேசியைத்தான் எடுத்துப் பார்த்தார். ஆகவே அவ்வாதத்தை விட்டுவிடுவோம். கருவி இல்லத்திற்குள் வந்துவிட்டது. நியாயவிலைக் கடைக் குறுஞ்செய்தியும், வங்கிக் கணக்கும், பிள்ளையின் வீட்டுப்பாடமும், மருத்துவமனைச் சீட்டும் அதன் வழியே வருகின்றன. இனி நாம் கேட்க வேண்டியவை இரண்டு. அதன் மெய்யான செலவு என்ன? வீட்டில் அது யாருடையது? இவற்றுள் இரண்டாவது கேள்வியை நம் குடும்பங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்பதே நம் கவலை.

வந்த வழி

முன்பெல்லாம் ஒரு தெருவிற்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்த காலம் நம் மூத்தோருக்கு நினைவிருக்கும். மணிலாவிலிருந்து சிற்றலையில் ஒலித்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்க அண்டை வீட்டாரும் திண்ணையில் வந்து அமர்ந்தனர். வானொலி ஒருவர் கையில் அடங்குவதன்று. அது பேசினால் எல்லாருக்கும் கேட்கும். அவ்வேரித்தாஸ் 2018-இல் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டு முழுவதும் இணையத்திற்கு மாறிற்று. திண்ணையில் கேட்டுப் பழகிய பெரியவருக்கு அன்று முதல் பேரனுடைய பேசியின் தயவு தேவைப்பட்டது.

ஆண்ட்ராய்டு அமைப்பில் இயங்கும் முதல் பேசி 2008-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஏழை நாடுகளுக்கென்று அதனை மலிவாக்கும் முயற்சி நம் நாட்டில்தான் தொடங்கிற்று என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. 2014 செப்டம்பர் 15-இல் ‘ஆண்ட்ராய்டு ஒன்’ என்னும் திட்டத்தின்கீழ், மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று இந்திய நிறுவனங்கள் ஏறத்தாழ 6,400 ரூபாய் விலையில் பேசிகளை வெளியிட்டன. அத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்து அப்போது கூகுள் நிறுவனத்தில் ஆண்ட்ராய்டுப் பிரிவிற்குத் தலைவராயிருந்த சுந்தர் பிச்சை. அக்கருவிகளின் உள்ளே அமைந்த சேமிப்பிடம் 4 ஜிபி மட்டுமே. விற்பனை எதிர்பார்த்த அளவிற்கு ஓங்கவில்லை. ஆயினும் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு நல்ல பேசி செய்ய முடியும் என்பது நாட்டிற்குத் தெரிந்துவிட்டது.

கருவியை விடப் பெரிய மாற்றம் இணையத்தின் விலையில் நிகழ்ந்தது. 2016 செப்டம்பர் 4-இல் உரோமையில் அன்னை தெரேசாவிற்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அதற்கு மறுநாள் ஜியோ தன் சேவையைத் தொடங்கிற்று. அதுவரை 1 ஜிபி இணையத்திற்கு 250 ரூபாய் வரை கொடுத்துவந்த மக்கள், சில மாதங்கள் ஒன்றுமே கொடாமல் பயன்படுத்தினர். இலவசம் முடிந்தபோது பழக்கம் வேரூன்றியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 8-இல் பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆயின. கடைகளில் கட்டம் போட்ட அட்டைகள் தொங்கத் தொடங்கின. பின்னர் 2021 நவம்பரில் ஜியோவும் கூகுளும் இணைந்து 6,499 ரூபாய்க்கு ஒரு பேசியை வெளியிட்டன. திரையில் உள்ளதை நம் மொழியில் வாசித்துக் காட்டும் வசதி அதில் இருந்தது. முன்பணம் 1,999 ரூபாய் கட்டி மிகுதியைத் தவணையில் செலுத்தலாம் என்றனர். கூடவே 501 ரூபாய் நடைமுறைக் கட்டணம் என்றும் கூறினர். மலிவான பொருளில் இத்தகைய சில்லறைக் கட்டணங்களைக் கூட்டிப் பார்ப்பது இல்லத்தரசியரின் வேலையாகவே இருந்துவருகிறது.

பதின்மூன்றாம் மாதம்

கடையில் கொடுத்த பணத்தோடு பேசியின் செலவு முடிந்துவிடுவதில்லை. அங்குதான் தொடங்குகிறது. ஒருநாளைக்கு 1 அல்லது 1.5 ஜிபி தரும் சாதாரணத் திட்டம் 28 நாட்களுக்கு ஏறத்தாழ 300 ரூபாய் ஆகிறது. 2024 சூலையில் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்திய பின்னர் ஏற்பட்ட நிலை இது. மாதச் சம்பளம் 12 முறை வருகிறது. 28 நாள் கணக்கில் ரீசார்ஜ் செய்பவரோ ஆண்டில் 13 முறை செய்ய வேண்டும். அந்தப் பதின்மூன்றாம் மாதத்திற்கு எந்த முதலாளியும் கூலி தருவதில்லை. ஆண்டிற்கு ஓர் எண்ணிற்கு 3,900 ரூபாய் ஆகிறது. இரண்டே ஆண்டுகளில் இன்னொரு பேசியின் விலை இதில் போய்விடுகிறது. தந்தை, தாய், கல்லூரி செல்லும் மகன், மகள் என நால்வரும் தனித்தனியே வைத்திருந்தால், ஆண்டுக்கு 15,600 ரூபாய். தறியில் தினக்கூலி வாங்கும் வீட்டில் இத்தொகை மளிகைக் கடைப் பாக்கிக்குச் சமமான பெருஞ்செலவு. மளிகைக்குக் கணக்கு நோட்டு உண்டு. இதற்கு எந்த வீட்டிலும் நோட்டு இல்லை.

இதில் மக்களுக்குச் சாதகமாக நேர்ந்த இரண்டு மாற்றங்களை நம் வாசகர் அறிந்திருப்பது நலம். 30 நாட்கள் செல்லும் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் விதித்தது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள, இணையம் சேராத திட்டங்களையும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதித்தது; 2025-இன் தொடக்கத்தில் அவை நடைமுறைக்கு வந்தன. பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு நாள்தோறும் 1.5 ஜிபி வாங்கிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கடையில் நாமாகக் கேட்டாலன்றி இவற்றைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

மலிவான கருவியின் பலவீனங்களும் செலவுக் கணக்கில் சேர வேண்டியவையே. முதலாவது இடநெருக்கடி. ‘மெமரி ஃபுல்’ என்று பேசி முரண்டு பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், காலை வணக்கப் படங்களும், மலர்களுக்கு நடுவே பொறித்த இறைவசனங்களும், உறவினர் குழுவில் பத்து முறை சுற்றிவந்த ஒரே காணொளியுமே. வாட்ஸப் அமைப்பிற்குள் சென்று, படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்திவிட்டால் பாதிப் பாரம் குறையும். இறைவசனத்தை அழிப்பது பாவமாகாதா என்று ஒரு மூதாட்டி நம்மிடம் உண்மையாகவே கேட்டார். திருவிவிலியம் அலமாரியில் பத்திரமாக இருக்கும்போது அதன் நிழற்படத்தை அழிப்பதில் குற்றமில்லை என்றோம்.

இரண்டாவது வெப்பம். நம் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டுகிறது. இலித்தியம் மின்கலத்திற்கு வெப்பமே முதற் பகை. ஓட்டு வீட்டில் தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவதும், லாரியின் முன்கண்ணாடி அருகே வெயிலில் பொருத்தி வைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். மின்கலம் உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டால் அதனைச் சார்ஜ் போடாமல், குத்தாமல், அழுத்தாமல் உடனே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பலர் அறியாதது. பேசிக்கும் ஆயுட்காலம் உண்டு. உடலளவில் நன்றாயிருக்கும் பேசியே வழக்கொழிந்து போகும். பாதுகாப்புத் திருத்தங்களை உற்பத்தியாளர் சில ஆண்டுகள் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்வார். மலிவான வகைகளில் அந்த ஆண்டுகள் இன்னும் குறைவு. ஆண்ட்ராய்டு 5-க்கு முற்பட்ட கருவிகளில் வாட்ஸப் செயல்படுவதை 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டனர். வங்கிச் செயலிகளும் மிகப் பழைய பதிப்புகளை ஏற்பதில்லை. ஆகவே வாங்கும்போது, எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் வரும் என்று கேட்பது, படக்கருவியின் திறனைக் கேட்பதை விடப் பயனுள்ளது. பாட்டனார் காலத்துச் சுவர்க் கடிகாரம் இன்றும் ஓடுகிற வீட்டில், நான்கு ஆண்டுப் பேசி கிழடு என்று சொல்லப்படுவது நமக்கு ஒப்புதல் இல்லை. ஆயினும் நிலைமை அதுவே.

யாருடைய பேசி?

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. நம் மாநிலத்தில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் மீண்டும் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டிற்கும் மேற்பட்ட காலத்தில், ஒரு வீட்டில் டச் போன் இருந்ததா, அது யார் கையில் இருந்தது என்பதே ஒரு பிள்ளையின் படிப்பை முடிவு செய்தது. அரசு நடத்திய கல்வித் தொலைக்காட்சி பேசியில்லாத வீடுகளுக்குச் சற்றே கைகொடுத்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதி விசைத்தறிக் குடும்பங்களில் அந்நாட்களில் நாம் கண்ட நிலை இது: வீட்டிற்கு ஒரு பேசி. பகலில் அது தந்தையோடு தறிக்கூடத்தில் இருக்கும். மாலையில் வந்ததும் பத்தாம் வகுப்பு மகன் எடுத்துக்கொள்வான், ‘அவனுக்குப் பொதுத் தேர்வு’ என்பதால். அவன் முடித்த பிறகு நண்பர்களோடு சிறிது நேரம் விளையாடுவான், ‘பாவம், பையன்’ என்பதால். எட்டாம் வகுப்பு மகளின் முறை வரும்போது இரவு ஒன்பதரை. மின்கலத்தில் எஞ்சியிருப்பது நூற்றுக்குப் பதினைந்து. அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்துவிட்டு, தந்தை வேலைக்குப் புறப்படுமுன் அதனை எடுத்துப் பாடம் எழுதினாள். அவள் முறையிட்டதாக எவரும் சொல்லவில்லை. முறையிடலாம் என்பதே அவளுக்குத் தோன்றியிராது.

பஞ்சத்தில் கஞ்சியைப் பங்கிடத் தெரிந்த தாய்மார், பேசியைப் பங்கிடும் உரிமையைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஆண்களின் பொருள் என்று எங்கோ முடிவாகிவிட்டிருந்தது. 2019 முதல் 2021 வரை நாடெங்கும் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33 பேர். இந்த இடைவெளி அங்காடியில் உண்டாயிற்று என்று சொல்ல முடியாது. பெரும்பகுதி வீட்டிற்குள்தான் உண்டாயிற்று.

நம் மாவட்டங்களில் இது வேறொரு வடிவத்திலும் தலைகாட்டுகிறது. லாரித் தொழில் நாமக்கல்லின் உயிர்நாடி. ஓட்டுநர் வீட்டில், குடும்ப அட்டை, மனைவியின் வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயு, பிள்ளைகளின் பள்ளி ஆகிய அனைத்திற்கும் கொடுக்கப்பட்டிருப்பது கணவரின் எண்ணே. ஏனெனில் அவை பதிவு செய்யப்பட்ட காலத்தில் வீட்டில் இருந்தது அந்த ஓர் எண்தான். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மனைவியின் கணக்கில் சேர்கிறது. சேர்ந்தது என்னும் குறுஞ்செய்தியோ நாக்பூருக்கு அப்பால் சக்கரம் மாற்றிக்கொண்டிருப்பவரின் பைக்குள் ஒலிக்கிறது. வங்கியிலோ இ-சேவை மையத்திலோ ஒரு வேலை ஆக வேண்டுமாயின், ஓடிபி எண்ணைக் கேட்டு மனைவி கணவரை அழைக்கிறாள். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், எடுக்கவில்லை. எடுத்தாலும் டவர் இல்லை. பத்து நிமிடம் கழிந்து எண் காலாவதி ஆகிறது. வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுக்கிறார். அரை நாள் கூலியை விட்டு வந்தவள் வெறுங்கையோடு திரும்புகிறாள். ஓட்டும்போது எடுத்துப் படித்துச் சொல்லும் கணவர்களும் உண்டு. அது இதனினும் அச்சந்தருவது.

இதற்குப் பெரிய செலவில்லாத தீர்வு இருக்கிறது. மனைவியின் பெயரிலேயே ஓர் எண் வாங்கி, அவளுடைய கணக்கோடு அந்த எண்ணை இணைத்துவிட வேண்டும். அதற்கு டச் போன்கூடத் தேவையில்லை. ஓடிபி எண் பட்டன் போனிலும் வரும். பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பும் வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. வங்கிக்கு ஒருமுறை நேரில் சென்று எண்ணை மாற்றித் தர ஒரு காலைப்பொழுது போதும். இதனைச் செய்யாமல் ஒத்திப்போட்ட வீடுகளில், கணவர் விபத்தில் சிக்கியபோதோ இறந்தபோதோ, மனைவியின் சொந்தச் சேமிப்பையே அவள் எட்ட இயலாமல் பட்ட அல்லலை நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் நன்கு அறிவர்.

வீட்டிற்கு ஒரே பேசிதான் இயலும் என்றால், அதற்கு ஓர் இடமும் நேரமும் குறித்தல் நலம். பேசி வைக்கும் இடம் அடுக்களைக்கும் கூடத்திற்கும் நடுவே எல்லாரும் காணும் அலமாரியாய் இருக்கட்டும். மாலை எத்தனை மணிக்கு யாருக்கு என்பதைத் தாய் முடிவு செய்யட்டும்; மகளின் முறை மின்கலம் நிறைந்திருக்கும் வேளையில் வரட்டும். எழுத்தறியாத பாட்டிக்கும் அதில் பங்கு உண்டு. 2017 ஆகஸ்டில் தமிழைக் கேட்டு எழுதும் வசதியைக் கூகுள் சேர்த்தது. ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும். ‘டேய் போனு, ஏர்வாடியில இருக்கிற என் தங்கச்சிக்குப் பேசு’ என்று ஒரு பாட்டி ஆணையிடுவதைக் கேட்டு நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, எதிர்முனையில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

கள்ளர் வரும் வாசல்

பூட்டில்லாத வாசலில் கள்ளரும் வருவர். இங்கு நாம் சுருக்கமாகவே கூறுவோம். காவல் துறையினர் பலமுறை கூறியவையே இவை. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை. ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்’ என்பவன் உங்களிடமிருந்து எடுக்கப் போகிறான். வாட்ஸப்பில் திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வரும் கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அதனைத் தொடவே கூடாது. லாரி உரிமையாளரை அபராதச் சீட்டின் பெயரால் பிடிப்பது எளிது என்பதை அவர்கள் அறிவர். ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதனை எடுத்துரைத்தார். ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் சில செயலிகள், பேசியில் உள்ள உறவினர் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, பின்னர் அவர்களிடமே கடன்பட்டவரை இழிவுபடுத்துகின்றன. கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் மட்டும் கூச்சலிட்டார். இவர்கள் ஊர் முழுவதும் கூச்சலிடுகின்றனர்.

பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய எண் 1930. சேலம் மறைமாவட்டம் நிறுவப்பட்ட ஆண்டும் அதுவே. நம் மக்கள் மறப்பதற்கு இடமில்லை. எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவிற்குப் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கத்தால் இரண்டு நாள் மறைத்துவிட்டு வருபவர்களே மிகுதி. மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று தந்தையும், தந்தைக்குத் தெரிந்தால் அடிப்பார் என்று மகனும் மறைக்கின்றனர். ஏமாந்தவரை ஏசாத வீட்டில்தான் ஏமாற்றம் உடனே வெளியே வரும். பேசியே தொலைந்தால், ‘சஞ்சார் சாத்தி’ என்னும் அரசுத் தளத்தின் வழி அதனை முடக்கலாம். 2023 மே முதல் இது நாடு முழுவதற்கும் உண்டு. அதற்குப் பேசியின் அடையாள எண் வேண்டும். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் தோன்றும்; அதனைத் திருமணச் சான்றிதழும் ஞானஸ்நானச் சான்றிதழும் இருக்கும் பெட்டியில் எழுதி வையுங்கள்.

செப வேளையில்

2020 மார்ச் 27 மாலையில், மழை பெய்துகொண்டிருந்த ஆளரவமற்ற புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நின்று ஊருக்கும் உலகிற்குமான ஆசீரை வழங்கியதை, சேலத்தின் ஓட்டு வீடுகளிலும் மக்கள் கைப்பேசியில் கண்டு முழந்தாளிட்டனர். கோவிற் கதவுகள் அடைந்திருந்த மாதங்களில் ஞாயிறு திருப்பலி வந்து சேர்ந்ததும் இவ்வழியே. அதற்கு நாம் நன்றி உடையோம். ஆனால் கோவில் திறந்த பின்னும், கட்டிலில் சாய்ந்தபடி திருப்பலி ‘பார்க்கும்’ பழக்கம் சிலரிடம் தங்கிவிட்டது. நோயாளிகளை நாம் சொல்லவில்லை. திருப்பீடத் தகவல்தொடர்புத் துறை 2023 மே மாதம் சமூக ஊடகங்களைப் பற்றி வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனையில், நல்ல சமாரியரின் உவமையை எடுத்து விளக்கிவிட்டு, ஒரு திரையின் வழியே உணவைப் பகிர்ந்துகொள்ள இயலாது என்றும் நினைவூட்டுகிறது. இலைபோட்டு உண்ணும் நம் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 7-இல் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அகுதிஸைப் பற்றி நம் மறைக்கல்வி வகுப்புகளில் இப்போது மிகுதியாகப் பேசுகின்றனர். கணினியில் வல்லவர், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். அவர் 2006 அக்டோபரில் தம் பதினைந்தாம் வயதில் இறந்தபோது ஆண்ட்ராய்டு பேசி உலகில் இல்லை. ஆயினும் விளையாட்டுக் கருவியை வாரத்திற்கு ஒருமணி நேரமே தொடுவதென்று தமக்குத் தாமே வரையறுத்துக்கொண்டார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பெற்றோரும் அருகில் இருந்து கேட்பது நல்லது. குடும்ப அன்பைப் பற்றி 2016-இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், உணவு மேசையில் ஆளுக்கொரு பேசியோடு அமர்வதையும், கணவனோ மனைவியோ கருவியில் மூழ்கியிருக்க மற்றவர் காத்திருந்து உறங்கிப்போவதையும் திருத்தந்தை பிரான்சிஸ் குறிப்பிடுவது, சிறுவர்களை மட்டும் நோக்கியன்று.

நாம் அறிந்த ஓர் ஓட்டுநர் குடும்பத்தில், இரவு எட்டு மணிக்குச் செபமாலை சொல்லும் வழக்கம் மூன்று தலைமுறையாக உண்டு. மகன் இப்போது எரிவாயு டேங்கர் ஓட்டுகிறார். வண்டியை நிறுத்திச் சாப்பிடும் இடத்தில் அந்நேரம் இருந்தால் அவர் அழைப்பார். வீட்டில் பேசியை மாதா சுரூபத்தின் அருகே, விளக்கிற்குச் சற்றுத் தள்ளிச் சாய்த்து வைப்பர். முகம் பார்க்கும் அழைப்பு அந்த மலிவான கருவிக்குப் பாரம் என்பதால் வெறும் குரல் மட்டுமே. அவருடைய முறை வரும்போது ‘அருள்நிறைந்த மரியே’ பின்னால் ஓடும் லாரிகளின் இரைச்சலோடு வரும். சில நாட்களில் நடுவே டவர் அற்றுப்போகும். தாய் நிறுத்துவதில்லை, அவருடைய பத்து மணியையும் தாமே சொல்லி முடித்து அடுத்ததற்குச் செல்வார். மறுபடியும் மணி அடித்து, ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்று மகன் கேட்கும்போது, ‘நான்காம் தேவ இரகசியம், மூன்றாம் மணி’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்வார்.